குதிரைக்கு முதுகு வலிச்சா யார்கிட்ட போறது?

குதிரைக்கு மசாஜ் பண்றதையே தொழிலா வச்சிருக்கிறவங்க இருக்காங்கன்னு அமெரிக்கா வர்ற வரைக்கும் எனக்குத் தெரியாது. ஊர்ல நான் பார்த்த குதிரை எல்லாம் மெரினாவுல புள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு நடக்கிற குதிரைங்கதான். இங்க லாயத்து வாசல்ல ஒரு நோட்டீஸ் போர்டு இருக்கு. மசாஜ், கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, மயோஃபேஷியல் ரிலீஸ், கிரேனியோசேக்ரல், டி-டச், மாஸ்டர்சன் மெத்தட், அக்குபிரஷர்னு ஹோட்டல் மெனு கார்டு கணக்கா நீளமாப் போகுது. ஒவ்வொண்ணுக்கும் கீழ போன் நம்பரோட கிழிச்சுக்கிற துண்டு வேற.

இந்த போர்டு முன்னாடி நின்னு ரெண்டு மாசம் மண்டையைப் பிச்சுக்கிட்ட கதைதான் இது. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கிட்டு வந்துடுங்க :-)

நான் ஓட்டுற குதிரை என்னோடது இல்லை. ஹாஃப் லீஸ்னு ஒரு ஏற்பாடு. செலவுல பாதி நான், பாதி ஓனரம்மா. வாரத்துல மூணு நாள் எனக்கு, மிச்சம் அவங்களுக்கு. பேரு ஸ்மோக்கி. 14 வயசு, காயடிச்ச ஆண் குதிரை, க்வார்ட்டர் ஹார்ஸ் ஜாதி. கொலராடோவுல எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த ஜாதிதான். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு, புதன் சாயங்காலமும் சனி ஞாயிறும் நான் மனுசனா இருக்கிறது இவன் புண்ணியத்துலதான்.

பிப்ரவரியில இருந்து இவன் சரியில்லை. இடது பக்கமா கேன்டர் போகச் சொன்னா தலையை உதறுவான், வாலைச் சுழட்டுவான். முன்னங்கால் ஒரு கணக்குல போகும், பின்னங்கால் வேற கணக்குல போகும். சேணத்து வாரை இறுக்கும்போது காதைப் பின்னால மடக்கிட்டு மெதுவா திரும்பி என்னைப் பார்ப்பான். கடிக்க மாட்டான், பார்ப்பான், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் வைக்கிற டேமேஜரை டீம் மொத்தமும் பார்க்குமே, அதே பார்வை.

லாயத்துல ஆளாளுக்கு ஒரு கருத்து. சவாரி சொல்லித் தர்றவர் "திமிரு, ரெண்டு தட்டு தட்டுனா சரியாப் போகும்"னாரு. பக்கத்துக் கொட்டடி அம்மா, "விலா எலும்பு ஒண்ணு விலகியிருக்கு, எங்க கைரோ வந்தா ஒரே தட்டுல உள்ள தள்ளிடுவாரு"ன்னாங்க. லாடம் அடிக்கிறவர் குளம்போட கோணம்னாரு. அவங்கவங்க கையில என்ன சாமான் இருக்கோ, அதுக்கு ஏத்த வியாதியைத்தான் அவங்கவங்க கண்டுபிடிக்கிறாங்க. நம்ம டீம்லயும் டேட்டாபேஸ் ஆளு நெட்வொர்க்னுவான், நெட்வொர்க் ஆளு கோடுன்னுவான். இங்க தலைகீழ், அது ஒண்ணுதான் வித்தியாசம்.

இதெல்லாம் வேடிக்கையா இருந்துருக்கும், ஓனரம்மா ஒரு நாள் அதைச் சொல்லாம இருந்திருந்தா. "அக்டோபருக்குள்ள சரியாகலைன்னா வித்துடலாம்னு இருக்கேன்பா." அவங்க கெட்டவங்க இல்லைங்க. வேலைல இருந்து ஓய்வு வாங்கினவங்க, ஏறி ஓட்ட முடியாத குதிரைக்கு மாசா மாசம் லாய வாடகை கட்ட அவங்களால முடியாது. ஆனா 14 வயசு, முதுகு வலி, ஏறினா தலையை உதறுற குதிரையை யாரு வாங்குவா? ஏலத்துக்குப் போகும். அமெரிக்காவுக்குள்ள இருந்த கடைசி குதிரை இறைச்சிக் கூடங்களை 2007-லயே மூடிட்டாங்க. ஆனா அதுக்கு அப்புறமும் ஏலத்துல வாங்கின குதிரைங்களோட லாரி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் எல்லை தாண்டிப் போயிருக்கு. அதை நினைச்சா எனக்கு சோறு இறங்கலை.

சிகிச்சைக்குன்னு எங்க ரெண்டு பேராலயும் சேர்த்து மாசம் இருநூறு டாலர் ஒதுக்க முடிஞ்சது. போர்டுல இருக்கிற எல்லாத்தையும் கூப்பிட்டுப் பார்க்க அது பத்தாது. ஒண்ணைத்தான் எடுக்கணும்.

நம்ம புத்தி நம்மளை விடுமா? முதல்ல லாக் எடுப்போம்னு ஆரம்பிச்சேன். சூ டைசன்னு இங்கிலாந்துல ஒரு கால்நடை மருத்துவர், குதிரையோட நொண்டல் பத்தியே வாழ்க்கை பூரா ஆராய்ச்சி பண்ணவங்க. அவங்களும் அவங்க குழுவும் சவாரியின்போது குதிரை காட்டுற 24 நடத்தைகளை 2018-ல பட்டியல் போட்டாங்க. காது ரொம்ப நேரம் பின்னால மடங்கியே இருக்கிறது, வாலைச் சுழட்டுறது, வாயைத் திறந்து திறந்து மூடுறது, கேன்டர்ல பின்னங்கால் மாறிப் போறது, இந்த மாதிரி. 24-ல எட்டோ அதுக்கு மேலயோ இருந்தா எலும்பு, தசை சம்பந்தமான வலி இருக்க வாய்ப்பு அதிகம்கிறது அவங்க கணக்கு. ஒரு ஃப்ரெண்டை வேலி ஓரமா நிக்க வச்சு பத்து நிமிசம் வீடியோ எடுக்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்து ஓட்டி ஓட்டிப் பார்த்து எண்ணினேன். ஒன்பது. திமிருன்னு சொன்னவருக்கு வீடியோவை அனுப்பி வச்சேன். பதில் இல்லை.

சரி, வலிதான். இப்ப போர்டுக்கு வருவோம்.

இதுல பாதிப் பேர் மனுசனுக்குப் பண்ணதை எடுத்துக்கிட்டு குதிரைக்கு வந்தவங்க. ஆஸ்டியோபதியை 1874-ல ஆரம்பிச்சவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். கைரோபிராக்டிக்கை 1895-ல அயோவா மாநிலம் டேவன்போர்ட்ல ஆரம்பிச்சவர் டி.டி. பால்மர்ங்கிற காந்த சிகிச்சைக்காரர். காது கேட்காத ஒருத்தரோட முதுகெலும்பைத் தள்ளினதும் காது கேட்டுச்சுன்னு சொல்லித்தான் கடையே திறந்தாரு! ரெண்டு படிப்பும் படிச்ச ஷேரன் வில்லோபிங்கிற கால்நடை மருத்துவர் 1989-ல இதுக்குன்னு அமெரிக்க கால்நடை கைரோபிராக்டிக் சங்கத்தைத் தொடங்கினாங்க. லிண்டா டெல்லிங்டன்-ஜோன்ஸ் 1970-கள்ல ஃபெல்டன்கிரைஸ் முறையைப் படிச்சுட்டு வந்து, தோலை விரலால வட்டமா நகர்த்துற டி-டச்சைக் கொண்டு வந்தாங்க. ஜிம் மாஸ்டர்சனோட வழி இன்னும் லேசு. அவரோட அழுத்த அளவுகோல்ல முதல் படி கிட்டத்தட்ட காத்து, அடுத்தது முட்டையோட மஞ்சக்கரு, அப்புறம் திராட்சை, அப்புறம் எலுமிச்சம்பழம். மஞ்சக்கரு உடையாத அளவுக்கு விரலை வச்சுக்கிட்டு, குதிரை கண் சிமிட்டுதா, கொட்டாவி விடுதான்னு பார்த்துக்கிட்டே நகரணும்.

சிரிக்காதீங்க. எங்க ஊர்ல இரட்டைப்புள்ள பெத்தவங்க கையால வழிச்சா சுளுக்கு போயிடும்னு நம்புறவங்க இன்னும் இருக்காங்க. எலும்பு முறிஞ்சா எக்ஸ்ரே எடுக்கிறதுக்கு முன்னாடி புத்தூர் கட்டுக்கு வண்டி ஏறின குடும்பம் நம்ம பக்கம் எத்தனை! தொட்டுச் சரி பண்றவங்க மேல மனுசனுக்கு இருக்கிற நம்பிக்கை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல.

ஆனா "எலும்பு விலகிடுச்சு, உள்ள தள்ளிட்டேன்"ங்கிறதை மட்டும் என்னால ஏத்துக்க முடியலை. குதிரையோட உடம்பைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எடை ஐநூறு கிலோ. விலா எலும்பு மாட்டியிருக்கிற முதுகெலும்பு மட்டும் 18, அதுக்குப் பின்னால இடுப்புல 6. அது மேல உள்ளங்கை கனத்துக்கு மேல தசை. இடுப்பும் முதுகெலும்பும் சேர்ற மூட்டு இதுக்கெல்லாம் அடியில ஆழத்துல, கெட்டியான தசைநார்கள்ல கட்டிப் போட்டிருக்கு. நிஜமாவே விலகினா அது நிக்கவே முடியாம கிடக்கிற விபத்து. கையால தள்ளி உள்ள போற சமாச்சாரம் இல்லை. இன்னொரு விசயம், குதிரைக்கு காறை எலும்பு கிடையாது. முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல அதோட நெஞ்சு வெறும் தசையில தொட்டில் கட்டின மாதிரி தொங்குது. நாம ஏறி உக்காருறது அந்தத் தொட்டிலுக்குக் கொஞ்சம் பின்னால. முதுகு நல்லா இருக்கிறதும் கெட்டுப் போறதும் பெரும்பாலும் தசையைப் பொறுத்த விசயம்.

அப்ப கைரோ பண்றது ஏமாத்து வேலையா? அதுவும் இல்லை. ஒரு மூட்டுல, அது அசையக்கூடிய எல்லைக்குள்ள, சின்னதா வேகமா ஒரு தள்ளு கொடுத்தா அங்க இருக்கிற நரம்பு முனைகள் தூண்டப்பட்டு சுத்தியுள்ள தசை இளகும், வலி உணர்ச்சி கொஞ்சம் மட்டுப்படும்கிறது இப்ப சொல்ற விளக்கம். 2008-ல கெவின் ஹாஸ்லர் குழு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 38 குதிரைகளை அஞ்சு குழுவாப் பிரிச்சாங்க. கைரோ, மசாஜ், பியூட்னு இங்க எல்லாரும் கொடுக்கிற வலி மாத்திரை, சவாரிப் பயிற்சி, சும்மா மேய விடுறதுன்னு ஆளுக்கு ஒண்ணு. முதுகுல ஒரு அளவுமானியை வச்சு அழுத்தி, எந்த அழுத்தத்துல குதிரை நெளியுதுன்னு பார்க்கிறது. ஏழு நாள் கழிச்சு, தாங்குற அழுத்தம் கைரோ குழுவுல 27 சதவீதம் கூடியிருந்தது, மசாஜ்ல 12, மாத்திரையில 8. மத்த ரெண்டு குழுவுல ஒரு சதவீதம் கூட மாறலை.

பார்த்தீங்களா, கைரோதான் ஜெயிச்சதுன்னு பக்கத்துக் கொட்டடி அம்மா துள்ளிக் குதிச்சாங்க. ஒரு நிமிசம். அந்த 38 குதிரைக்கும் முதுகு வலி அறிகுறியே கிடையாது! வலி இல்லாத குதிரைகிட்ட ஒரு வாரத்துக்கு என்ன ஆச்சுங்கறதைத்தான் அந்த எண் சொல்லுது. வலி எங்கிருந்து வருதுன்னே தெரியாத ஸ்மோக்கிக்கு ஆறு மாசத்துல என்ன ஆகும்கிறது வேற கேள்வி. ஒரு பெஞ்ச்மார்க்கை வச்சு சர்வர் வாங்கி மாட்டிக்கிட்டவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

இன்னொரு சிக்கல். குதிரைக்கு இந்த டாக்டர் கைராசிக்காரர்ங்கிற நினைப்பு எல்லாம் கிடையாது, அதனால மனசு குணமாக்கிடுச்சுன்னு சொல்ல முடியாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. குதிரைக்குக் கிடையாதுங்க, ஓனருக்கு உண்டே! நூத்தம்பது டாலர் கொடுத்துட்டு அடுத்த நாள் ஏறி உக்காந்தா நமக்கே இடுப்பு தளர்ந்து, கை இளகி, குதிரை நல்லா போற மாதிரிதான் தெரியும். நாய்களோட மூட்டு வலி ஆய்வுகள்ல இதைத் தெளிவாப் பார்த்திருக்காங்க. வெறும் மாவு மாத்திரை கொடுத்தும் பல ஓனருங்க தேறிடுச்சுன்னு சொன்னாங்க. கால் ஊன்றுற அழுத்தத்தை அளந்த தட்டு அப்படிச் சொல்லலை.

அதனால இருநூறு டாலரை யாருக்குக் கொடுக்கிறதுன்னு பேசுறதுக்கு முன்னாடி கால்நடை மருத்துவரைக் கூப்பிடணும்னு ஓனரம்மாகிட்ட ஒத்தக்கால்ல நின்னேன். முதல்ல அவங்களுக்கு இஷ்டமில்லை. முதுகு வலிக்கு மசாஜ் கேட்டா இவன் எக்ஸ்ரே செலவு இழுத்து விடுறானேன்னு நினைச்சாங்க. கடைசியில ஏப்ரல்ல வந்தாங்க டாக்டர்.

முதுகுல கையை ஓட்டினாங்க, ஸ்மோக்கி நெளிஞ்சான். அதுக்கு அப்புறம் அவங்க முதுகைத் தொடவே இல்லை! கெட்டித் தரையில வட்டமா ஓட விட்டாங்க. பின்னங்காலை மடக்கி ஒரு நிமிசம் பிடிச்சுக்கிட்டு, விட்ட உடனே ஓட வச்சாங்க. முதல் ஏழெட்டு அடி எனக்கே நல்லாத் தெரிஞ்சது, நொண்டினான். ரெண்டு பக்கமும் அப்படித்தான், இடது பக்கம் கூடுதல். எக்ஸ்ரேயில பின்னங்கால் ஹாக்ல, அடி மூட்டுங்கள்ல தேய்மானம் ஆரம்பிச்சிருந்தது. (ஹாக்னா பின்னங்கால்ல பின்னோக்கி மடங்கி நிக்குதே, அது. பார்க்க முழங்கால் மாதிரி இருக்கும். உண்மையில நம்ம கணுக்காலும் குதிகாலும்தான் அது. குதிரை நடக்கிறதே நடுவிரல் நகத்து மேல.) முதுகெலும்பு நுனிங்க ஒண்ணோட ஒண்ணு உரசுதான்னும் எடுத்துப் பார்த்தாங்க, இல்லை. நல்ல வேளை.

பின்னங்கால் வலிக்குது, அதனால கால்ல பளு விழாம இருக்க முதுகை விறைப்பா வச்சுக்கிறான், அதனால முதுகு வலிக்குது. இதுக்கு மேல என் சேணம் வேற. இவன் நாலு வருசத்துல தோள் அகலமாகியிருக்கான், சேணம் அதே பழைய அளவு, முன்னால கிள்ளுது. டாக்டர் வயித்துப் புண்ணையும் விடலை. வார் இறுக்கினா முகம் சுளிக்கிற குதிரைங்கள்ல அதுவும் உண்டாம். உள்ள கேமரா விட்டுப் பார்த்து இல்லைன்னு உறுதி பண்ணாங்க.

இப்ப யோசிச்சுப் பாருங்க. போர்டுல இருந்து ஒரு நம்பரைக் கிழிச்சு யாரைக் கூப்பிட்டிருந்தாலும் முதுகு இளகியிருக்கும், மூணு வாரத்துல திரும்ப இறுகியிருக்கும், மறுபடி கூப்பிட்டிருப்போம். யாரும் ஏமாத்தலை, எல்லாரும் நல்லவங்க, குதிரை மட்டும் நொண்டிக்கிட்டே இருந்திருக்கும். இங்கிலாந்துல 2015-ல வந்த விதிப்படி கால்நடை மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் விலங்குக்கு பிசியோதெரபி பண்ணலாம். அமெரிக்காவுல சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேற. மசாஜ்னு போர்டு மாட்ட பல இடத்துல ஒரு வார இறுதி வகுப்பே போதும்.

ஹாக்ல ஊசி போட்டாங்க. சேணத்தை மாத்தினோம். (பழசை வித்து, மேல போட்டு, செகண்ட் ஹேண்ட்ல. அந்தக் கணக்கை மட்டும் கேக்காதீங்க, அவ்வ்வ்.) அப்புறம்தான் இருநூறு டாலர் கேள்வி.

மூணு பேரைப் பார்த்தோம். வர்றவங்ககிட்ட எல்லாம் நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்க்கிறீங்களா?" கைரோக்காரர், "எனக்கு கையே போதும், கையே சொல்லிடும்"னாரு. அவர் மரச்சுத்தியலும் கட்டையும் வச்சு பக்கத்துக் குதிரை முதுகைத் தட்டினதை நான் ஏற்கனவே பார்த்திருந்தேன். அவரை அங்கயே டிக் அடிச்சு நீக்கியாச்சு. கால்நடை மருத்துவமும் கைரோவும் சேர்த்துப் படிச்சவங்க இருக்காங்க, தேவைப்பட்டா அவங்ககிட்ட போகலாம்னு தனியா எழுதி வச்சுக்கிட்டேன். இது ஓனரம்மாவுக்காகச் செஞ்ச சமரசமும்தான், அவங்களுக்கு கைரோ மேல பக்தி.

மசாஜ் பண்ண பொண்ணு ரிப்போர்ட்டை வாங்கி முழுசாப் படிச்சது. ஒரு மணி நேரம். முதுகெலும்புக்குப் பக்கத்துல ஓடுற நீளத் தசையில முழங்கையை வச்சு மெதுவா இறங்கினதும் ஸ்மோக்கி கீழுதட்டைத் தொங்க விட்டுட்டு, கண்ணைச் சொருகி, பின்னங்காலை ஓய்வா மடிச்சுட்டு நின்னான். பிப்ரவரிக்கு அப்புறம் அவன் அப்படி நின்னு அன்னைக்குத்தான் பார்த்தேன். எந்த ஆய்வும் இல்லாட்டியும் அதுக்காகவே காசு கொடுக்கலாம்னு தோணுச்சு. அந்தப் பொண்ணே சொன்னது, "நான் பண்றது அவனுக்கு ஒரு நல்ல நாள். நல்ல வருசம் வேணும்னா பிசியோவைப் பாருங்க."

பிசியோதெரபிஸ்ட் வந்து கையால செஞ்சது கொஞ்சம்தான். மிச்ச நேரம் பூரா எனக்குப் பாடம். கையில ஒரு பை கேரட்டைக் கொடுத்து, அதைக் காட்டி குதிரையோட தாடையை நெஞ்சுக்கு, முழங்கால்களுக்கு நடுவுல, குளம்புக்குப் பக்கத்துல, அப்புறம் ரெண்டு பக்கமும் வார் கட்டுற இடம், விலா, பின்னங்கால் வரைக்கும் கொண்டு போகச் சொன்னாங்க. ஒவ்வொண்ணும் அஞ்சு தடவை, ஒவ்வொரு தடவையும் சில நொடி நிறுத்தி. வாரத்துல அஞ்சு நாள். இது ஏதோ ஜிம்னாஸ்டிக் விளையாட்டுன்னு நினைச்சேன். நாரெல் ஸ்டப்ஸும் ஹிலாரி கிளேட்டனும் 2008-ல இதை வச்சுப் புத்தகமே போட்டிருக்காங்க. 2011-ல வந்த அவங்க ஆய்வுல எட்டு குதிரைகளுக்கு வேற வேலை எதுவும் கொடுக்காம மூணு மாசம் இதை மட்டும் செய்ய வச்சு, ஸ்கேன்ல அளந்து பார்த்தா மல்ட்டிஃபிடஸ் தசை தடிச்சிருந்தது. ஒவ்வொரு முதுகெலும்பையும் அடுத்ததோட இழுத்துப் பிடிக்கிற ஆழத்துத் தசை அது. முதுகு வலி வந்தா முதல்ல வத்திப் போறதும் அதுதான். எட்டே எட்டு குதிரைதான், ஒத்துக்கிறேன். ஆனா இதுல தசையை வளர்த்தது வெளியில இருந்து வந்த கை இல்லை, குதிரையே. அந்த வித்தியாசம்தான் என்னை இழுத்துச்சு.

ஆக, பிசியோ மாசம் ஒரு தடவை, மசாஜ் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, கேரட்டு தினமும். மாஸ்டர்சன் முறையை யூட்யூப் பார்த்து நானே பழகிக்கிட்டேன். நாடி ஓட்டம், சக்தி ஓட்டம்னு சொல்றது எதையும் நான் நம்பலை. ஆனா இருபது நிமிசம் விரலை வச்சுக்கிட்டு ஒரு குதிரையோட கண்ணையே பார்த்துக்கிட்டு நின்னா, எந்த இடத்துல சூடா இருக்கு, எந்த இடத்துல மூச்சைப் பிடிக்கிறான்னு நல்லாவே தெரியுது. நேத்து இல்லாத வீக்கம் இன்னைக்கு இருந்தா அதை முதல்ல கண்டுபிடிக்கிறது நான்தான்.

மே முதல் ஜூலை வரைக்கும் மூணு மாசம் முடிச்சோம். அதே ஃப்ரெண்டு, அதே வேலி ஓரம், அதே பத்து நிமிசம். ஒன்பது இப்ப நாலு. தலையை உதறுறது நின்னாச்சு, பின்னங்கால் மாறுறது எப்பவாவதுதான். வாலை மட்டும் இன்னும் சுழட்டுறான்.

எது சரி பண்ணுச்சுன்னு ஓனரம்மா கேட்டாங்க. ஊசி, சேணம், கேரட்டு, மசாஜ்னு ஒரே மாசத்துல நாலு மாற்றத்தை ப்ரொடக்‌ஷன்ல ஏத்திட்டு எந்தக் கோடு பக்கைச் சரி பண்ணுச்சுன்னு எவன் சொல்லுவான்? ஆபீஸ்ல ஜூனியர் பையன் இப்படிப் பண்ணா நானே திட்டுவேன். ஆனா வலியில நிக்கிறவன்கிட்ட போய், ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்றேன், நாலு மாசம் பொறுத்துக்கோன்னு எப்படிங்க சொல்றது?

ஊசியோட வேலை சில மாசத்துக்குத்தான். நவம்பர்ல டாக்டர் மறுபடி வர்றாங்க. விக்கிற பேச்சை ஓனரம்மா அடுத்த வசந்தத்துக்குத் தள்ளி வச்சிருக்காங்க, கைவிடலை. ஸ்மோக்கிக்கு இதெல்லாம் தெரியாது. அவன் கத்துக்கிட்டது ஒண்ணுதான். என் காரு லாயத்து வாசல்ல திரும்பினதுமே, யாரும் கேக்காமலே கழுத்தை வளைச்சு தாடையை வார் கட்டுற இடத்துல வச்சுக்கிட்டு நிக்கிறான். இடது பக்கம் அஞ்சு, வலது பக்கம் அஞ்சு. கேரட்டு தீர்ந்து போச்சு, காஸ்ட்கோவுக்குக் கிளம்பணும்.